ஒன்றரை நாள் அரக்கு

வில்காக்ஸ் கல்லூரியின் முன்வாசல் இரும்புக் கேட்டில் ஒரு சிங்க முகம் இருக்கிறது. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, ரயிலேறித் திண்டுக்கல்லில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வந்த சிங்கம் என்று கல்லூரி மலரில் போட்டிருக்கிறார்கள். வந்தபோது கர்ஜித்துக்கொண்டுதான் வந்திருக்கும். வருடத்துக்கு ஒரு பூச்சு என்று இருபத்திரண்டு வருடம் பெயிண்ட் வாங்கியதில் பல்லெல்லாம் மூடி, பிடரி வழுக்கையாகி, போன வருடம் வரை தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி இருந்தது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் ரோட்டை ஒட்டிக் கம்பி வேலி. மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுக் கம்பிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஈட்டி முனை. அவையும் அப்போது மழுங்கிக் கத்திரிக்காய் ஆகியிருந்தன. நத்தம் பஸ்ஸில் வருகிறவர்கள் விவசாயக் கல்லூரி என்று நினைத்து இங்கே இறங்கிவிடுவதாக நான் ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டேன். முதல் வருடப் பையன்கள் நம்பினார்கள்.

சிங்கத்தைக் கிளார்க் ஆக்கிய பெருமை முழுக்க என் சித்தி மணிமேகலையைச் சேரும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேட்டுக்கும் வேலிக்கும் பெயிண்ட் அடிப்பவள் அவள்தான்.

சித்தி பிறந்தது சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுகிற வீடு. பத்து வயதிலேயே சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் ரெண்டு முக்கு முக்கணும் என்று பெரியவர்களை அதட்டுவாளாம். திண்டுக்கல் நாகல் நகரில் சுப்புராஜ் என்ற பெயிண்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கும் கலர் தொழில், பெண்ணுக்கும் கலர் தொழில், நல்ல பொருத்தம் என்று சொன்னார்களாம். மாப்பிள்ளை பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறந்தால் பதினேழு தும்மல் போடுவார் என்பதை யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை. டப்பாவைத் திறக்காமலே பெயிண்டராக இருந்துவிடலாம் என்று கொஞ்ச நாள் முயற்சி செய்து பார்த்திருக்கிறார்.

கல்யாணமான மூன்றாம் மாதம் வில்காக்ஸ் கல்லூரிக் கேட் வேலை அவருக்கு வந்தது. முதல் டப்பா, பதினேழு தும்மல், ஏணியோடு கீழே. சித்தி அவரைத் தூக்கி வேலி ஓரத்து வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அன்றைக்கு ஏறியவள்தான். சித்தப்பா இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்னாளப்பட்டிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் அந்த வாரம் கொடைரோட்டில் இருக்கும் அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார்.

சித்தி வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லாமே அதில்தான் வந்து நிற்கும். கம்பிக்குக் கம்பி இடைவெளி நாலு விரல். ஆம்பளை பெயிண்டர்கள் கையை உள்ளே விட்டால் முட்டி தேய்ந்து ரத்தம் வரும். அதனால் முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டுப் பின்பக்கத்தைக் கடவுளிடம் விட்டுவிடுவார்கள். சித்தி நாலே முக்கால் அடி. கை பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை. வளையலைக் கழற்றினால் கம்பிக்குள் போய்த் திரும்பி வரும். அவள் பிரஷ்ஷையே தொடமாட்டாள். கையில் ஒரு பாலிதீன் பை, அதற்கு மேல் ஒரு பழைய சாக்ஸ். சாக்ஸைப் பெயிண்டில் முக்கி, கம்பியைக் கழுத்தோடு பிடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நாலு பக்கமும் ஒரே தடவையில் பூசிவிடும். பார்க்கப் பால் கறக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு வருடத்துக்கு முப்பது சாக்ஸ் ஆகும். இந்த நாலு வருடமாக சாக்ஸ் சப்ளை நான். கல்லூரி விடுதிக் கொடியில் காயும். ஜோடியாக எடுத்தால் திருட்டு. நான் ஒற்றையாகத்தான் எடுப்பேன். விடுதியில் எலி இருக்கிறதென்று பொறி வைத்தார்கள். பாலிடெக்னிக்கில் இரண்டாவது செமஸ்டரோடு எனக்கும் படிப்புக்கும் ஒத்துவராமல் போய்விட்டாலும், இப்படியாக உயர்கல்வியோடு எனக்குத் தொடர்பு விட்டுப்போகவில்லை.

இனி சொல்லப்போவது நடந்தபோது நான் பிறக்கவில்லை. பொய் இருந்தால் அது சித்தியுடையது.

முதல் வருடம், 2003. பழைய பெயிண்ட் பொருக்கு விட்டுக் கிடந்தது. சித்தி தீ ஊதும் ப்ளோ லேம்ப் வைத்துப் பதினோரு நாள் கம்பி கம்பியாகச் சுட்டுச் சுரண்டி இரும்பை வெளியே கொண்டுவந்தாள். என்ன கலர் அடிக்க வேண்டும் என்று அப்போதைய பிரின்சிபாலிடம் கேட்டதற்கு, அவர் ஏதோ மாநாட்டுக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், டார்க் கலராக ஏதாவது அடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். டார்க் கலர் என்றால் சித்திக்குத் தெரிந்தது அரக்கு. அவளுடைய கல்யாணச் சேலையின் நிறம்; அவளே தொட்டியில் நின்று பதம் பார்த்து ஏற்றிய நிறம். அந்த நிறத்தில் பெயிண்ட் கடையில் கிடைக்கவில்லை. அவளே கலந்தாள். காவிச் சிவப்பு நாலு பங்கு, கறுப்பு ஒரு பங்கு, கடைசியில் நீலம் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டு இல்லாவிட்டால் ஈரல் மாதிரி இருக்கும் என்பாள்.

காலையில் அடித்து முடித்துவிட்டு, சாயங்காலம் எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்று பார்த்தாளாம். மஞ்சள் வெயில் பட்டதும், கல்யாணத்துக்குக் கிளம்பின பொண்ணு வாசலுக்கு வந்து நின்ன மாதிரி கேட் நின்றது என்று சொல்வாள். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவது பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மத்தியானம் பிரின்சிபால் மாநாடு முடிந்து வந்தார். ஆட்டோவை விட்டு இறங்காமலே, இது காலேஜா கல்யாண மண்டபமா என்று கேட்டார். அன்று சாயங்காலமே மேலே கறுப்பு ஏற ஆரம்பித்துவிட்டது. அரக்கு இருந்தது ஒன்றரை நாள். சித்தியின் கணக்கில், ஒன்றரை நாளுக்கு ஒரு டீ நேரம் குறைவு.

அதற்குப் பிறகு பிரின்சிபால்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் சில்வர். ஒருவர் பாட்டில் பச்சை. ஒருவர் வாஸ்து பார்த்து நீலம். திரும்பக் கறுப்பு. ஒவ்வொரு வருடமும் டப்பா வாங்கும் முன்னால் சித்தி ஆபீஸ் வாசலில் நின்று, இந்த வருசம் அரக்கு அடிப்போமா சார் என்று கேட்பாள். ஒவ்வொரு வருடமும் இல்லை என்பார்கள். சித்திக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நகை கேட்டதில்லை. பழனிக்குக்கூடக் கூட்டம் குறையட்டும் என்றுதான் சொல்வாள். செத்துப்போவதற்குள் அந்தக் கேட்டை இன்னொரு தடவை அரக்கு நிறத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் கல்லூரிக்கு நூற்றிருபத்தைந்தாவது வருடம் வந்தது. இப்போதைய பிரின்சிபால் ஞானதாஸ் நல்ல மனிதர். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு விழா எடுக்கலாமே என்று தோன்றும் மனிதர். கேட்டையும் வேலியையும் பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்து, பழைய கட்டடங்களைச் சரிசெய்யும் படிப்புப் படித்த சபிஹா என்ற மேடத்தை மதுரையிலிருந்து வரவழைத்தார். அவருடைய கையெழுத்து இருந்தால்தான் அரசு உதவி வரும். முப்பது வயது இருக்கும். பையிலிருந்து ஆபரேஷன் கத்தி மாதிரி ஒன்றையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து, கேட் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கம்பியில் பெரிய மிளகு அளவுக்குச் சுரண்டினார். கறுப்பு, நீலம், பச்சை, சில்வர், மறுபடி கறுப்பு என்று வெங்காயம் உரிகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் இரும்பை ஒட்டி ஒரு நிறம். சபிஹா மேடம் மூச்சை இழுத்துப் பிடித்தார். இன்னும் எட்டு இடத்தில் சுரண்டினார். எட்டிலும் அதே நிறம்.

"சார், இதுதான் அசல். கேட்டு வந்தப்ப இருந்த நிறம்," என்றார் பிரின்சிபாலிடம்.

அரக்கு.

சித்தி அப்போது பெயிண்ட் சுரண்டுவதற்கு வாளியோடு பக்கத்தில்தான் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள ஒரு மனுஷி இம்புட்டுப் பாடுபடுவதை நான் பார்த்ததில்லை. அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதைப் பிடித்து வேப்ப மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏலே பரணி, எவன்கிட்டயாவது வாயைத் தொறந்த, விடுதிச் சாக்ஸ் அம்புட்டையும் உன் வாயிலதான் அடைப்பேன்."

"பொய்தானே சித்தி அது?"

"நான் எங்கடா பொய் சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலையே."

சட்டப்படி அது சரிதான். சபிஹா மேடம் சித்தியைக் கேட்கவில்லை. கேட்டுக்கு எத்தனை வயது என்று சிங்கத்தைக் கேட்டாலும் கேட்பார்களே தவிர, இருபத்திரண்டு வருடம் பெயிண்ட் அடித்தவளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளும் போய்ச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதமும் சித்தி தரையில் நடக்கவில்லை. மருந்து தடவி, பெயிண்டை ஊறவைத்து, ஒவ்வொரு கம்பியாக உரித்தாள். கத்திரிக்காய் ஒவ்வொன்றும் ஈட்டியானது. சிங்கத்துக்கு முதலில் ஒரு பல் வந்தது. பிறகு பிடரி வந்தது. கிளார்க் ரிட்டயர் ஆகிவிட்டார். மாதிரிக்கென்று ஆங்காங்கே ஒரு சாண் அளவு அரக்கை உரிக்காமல் விட்டிருந்தார்கள். வேலை முடிந்து போகும்போது அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அதற்குள் கல்லூரிக்கே அரக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அழைப்பிதழ் அரக்கு. கேன்டீனில் பீட்ரூட் அல்வாவுக்குப் பாரம்பரிய அல்வா என்று பெயர். விழாவுக்குக் கட்டிக்கொள்ள நாற்பத்து மூன்று பெண் பேராசிரியர்களும் அரக்குச் சுங்குடிக்கு ஆர்டர் கொடுத்தார்கள், அதுவும் சின்னாளப்பட்டியில் சித்தியின் அண்ணன் பட்டறைக்கே. பதம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சித்தியே போய்வந்தாள்.

இந்த நேரத்தில்தான் போர்டு வந்தது.

கேட் தூணுக்குப் பக்கத்தில் பெரிய போர்டு. மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் சித்தி துணியைத் தூக்கிப் பார்த்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாய்விட்டுத்தான் படிப்பாள். இந்த அரிய நிறம் 1900-ஆம் ஆண்டு வில்காக்ஸ் துரை அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவரது நுண்ணிய ரசனைக்கு இது சான்று. படித்து முடித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நுண்ணிய என்ற இடத்தில் இரண்டு தடவையும் தடுக்கிற்று. துணியைப் பழையபடி இழுத்து மூடினாள்.

வீட்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆற விட்டாள். பிறகு யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

"நாலு சொட்டு நீலம் விடணும்னு அந்தத் துரைக்கு எப்பிடித் தெரியும்?"

சித்தப்பா சமாதானம் சொன்னார். யார் பெயரில் இருந்தால் என்ன, நீ கேட்ட நிறம் வரப்போகிறது, அதைப் பார்த்துச் சந்தோசப்படு என்றார். நானும் அதையே சொன்னேன். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் விளக்கினேன். அசல் நிறம் என்பதால்தான் அரக்கு. அசல் இல்லையென்று ஆனால் மறுபடி கறுப்புதான். இருபத்திரண்டு வருடம் கேட்டுக் கிடைக்காதது கைக்கு வந்திருக்கிறது. ஒரு மாதம் வாயை மூடியிருந்தவள், இன்னும் ரெண்டு வாரம் மூடியிருந்தால் போதும்.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

"கறுப்பு அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க. அதை அடிக்கிறதும் நாந்தானே. எங்க அப்பன் தொட்டியில நான் ஏத்துன கலரை எவனோ ஒரு துரை கண்டுபிடிச்சான்னு போர்டு வச்சு, அதுக்குக் கீழயே நான் வருசா வருசம் குந்தி வேலை பாக்கணுமா?"

மறுநாள் காலையில் கேட் அருகே பிரின்சிபாலும் சபிஹா மேடமும் நின்றுகொண்டிருந்தார்கள். சித்தி நேராகப் போய், அந்தக் கலர் துரை அடிச்சதில்ல, நான் அடிச்சது என்று சொல்லிவிட்டாள். 2003-ல் சுட்டது, கலந்தது, ஒன்றரை நாள், கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஞானதாஸ் சார் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பிள்ளைகள் ஏதாவது உளறினால் சிரிப்பார்களே, அது. விழா நெருங்கும்போது எல்லாருக்கும் ஓர் உரிமை வந்துவிடுகிறது என்று சபிஹா மேடத்திடம் இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கே புரியும். சபிஹா மேடம் சிரிக்கவில்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று சித்தியைக் கேட்டார். சித்தி யோசித்தாள். பிறகு வேலியின் கிழக்குப் பக்கம் நடந்துபோய், கம்பிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, இன்னும் உரிக்காத ஒரு கம்பியில் நின்றாள். ஈட்டி முனைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு கழுத்து இருக்கும். அதைக் காட்டினாள்.

"இதுக்குள்ள சொருகிக்கிச்சு மேடம். இழுத்தேன், பிஞ்சு வந்துச்சு. போகுதுன்னு மேலயே பூசிட்டேன். சந்தனக் கலரு, பச்சைக் கோடு போட்டது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போட்ட சாக்ஸு. அப்ப எனக்கு வேற சாக்ஸ் கெடைக்கல."

சபிஹா மேடம் கத்தியை எடுத்தார். வெயில் ஏறிவிட்டது, யாரும் நிழலுக்குப் போகவில்லை. கறுப்பு போனது, நீலம் போனது, பச்சை போனது, சில்வர் போனது, அடிக் கறுப்பும் போனது. அரக்குக்கு வந்ததும் இடுக்கியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். கட்டை விரல் நீளத்துக்கு ஒரு துணி. முக்கால்வாசி அரக்கு ஊறிக் கெட்டியாகி இருந்தது. மடிப்புக்குள் மட்டும் பெயிண்ட் படவில்லை. அதைப் பிரித்துப் பூதக்கண்ணாடியை வைத்தார்.

சந்தன நிறம். பச்சைக் கோடு.

இந்த நேரம் பார்த்து சித்தப்பாவின் ஷேர் ஆட்டோ ஏழு பேரோடு கேட்டைத் தாண்டிப் போனது. கூட்டத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். இடுக்கியில் தொங்குவதைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று ஆட்டோவில் இருந்த பாட்டி உச்சுக்கொட்டினார். சித்தப்பா ஓடிப்போய் ஆட்டோவில் ஏறி, சின்னாளப்பட்டிக்குப் போகவேண்டிய ஏழு பேரையும் நாகல் நகர் வழியாகக் கொண்டுபோய், வீட்டு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒற்றைச் சாக்ஸ். சந்தன நிறம், பச்சைக் கோடு. இருபத்திரண்டு வருடமாக மற்றொன்று கிடைக்கும் என்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். சித்தியிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாராம். பல்லி தூக்கிட்டுப் போயிருக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

"நம்ம கல்யாணச் சாக்ஸுடி அது," என்றார். அப்புறம் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏற, பதினேழும் தும்மினார். ஏழு பேரும் எண்ணினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் சபிஹா மேடம் சிரிக்க ஆரம்பித்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. ஞானதாஸ் சார் சிரிக்கவில்லை. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழைப்பிதழ், அல்வா, நாற்பத்து மூன்று சேலை எல்லாம் அவர் கண்முன் வரிசையாகப் போயிருக்க வேண்டும். இதை இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். சிரித்து ஓய்ந்த சபிஹா மேடம், சாக்ஸைப் பார்த்த பிறகு துரை காலத்து நிறம் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது சார் என்றார். அசலைச் சித்தியே சுட்டுவிட்டாள். இனி அசல் எங்கே கிடைக்கும் என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கே சித்தி பேசாமல் இருந்திருக்கலாம். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அசல் எது என்று யாருக்கும் தெரியாத வரைக்கும் அரக்குக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஆனால் அவளுக்கு வாய் திறந்துவிட்டது.

"ஒரு எடம் நான் சுடல மேடம். கேட்டோட கீழ் கீல் இருக்குல்ல, தூணுக்குள்ள போற எடம், அங்க அப்ப அணில் குட்டி போட்டிருந்துச்சு. மூணு குட்டி. லேம்ப்பைக் கொண்டு போக மனசு வரல. சாக்கை வச்சு மறைச்சிட்டு மேலாப்புலயே பூசிட்டேன்."

சபிஹா மேடம் தரையில் படுத்து, டார்ச் அடித்து, கையை விட்டுச் சுரண்டினார். அணில் வம்சம் எப்போதோ காலி செய்துவிட்டிருந்தது. அரக்குக்கும் கீழே இன்னும் நாலைந்து பூச்சு இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நூற்றிருபத்தைந்து வருடம் முன்னால் கப்பலில் வந்த நிறம். சாம்பலில் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. பழைய ரசம் மேல் படியுமே ஏடு, கிட்டத்தட்ட அது.

சித்தி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதான் துரை ரசனையா," என்றாள்.

முடிவானது. கேட்டும் வேலியும் பாசிச் சாம்பல்தான். போர்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள். அன்று சாயங்காலம் சித்தி பஸ் ஸ்டாப்பில் நின்று மூன்று பஸ்ஸை விட்டாள். நான் பக்கத்தில் போய் நிற்கவில்லை. வேப்ப மரத்தில் ஏறி உட்கார்ந்து, நாலாவது பஸ்ஸில் அவள் ஏறும்வரை காக்காய்க்குக் கல் எறிந்துகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அடிப்பூச்சு. இரும்புக்கு எந்த நிறம் அடித்தாலும் அடியில் துருப்பிடிக்காமல் இருக்கக் காவிச் சிவப்பு அடிக்க வேண்டும், ஊரறிந்த விஷயம். சித்தி காவி டப்பாவைத் திறந்தாள். பக்கத்தில் கறுப்பு டப்பா ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நீலம். சபிஹா மேடம் வந்து மூன்று டப்பாவையும் பார்த்தார், சித்தியையும் பார்த்தார். சித்தி குச்சியால் கலக்கிக்கொண்டே, அடிப்பூச்சு கெட்டியாக இருக்கட்டும் என்று கலக்குவதாகச் சொன்னாள்.

"எத்தனை நாள் காயணும்?" என்று மேடம் கேட்டார்.

"ஒம்பது நாளு."

திண்டுக்கல் மே மாதம். துப்பினால் தரையில் விழுவதற்குள் காய்ந்துவிடும் வெயில். விழாவுக்குச் சரியாக ஒன்பது நாள் இருந்தது. சபிஹா மேடம் நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார்.

"ஆமா அக்கா, ஒம்பது நாள் கண்டிப்பா வேணும். அவசரப்பட்டா உரிஞ்சிரும்," என்றார்.

விழாவன்று கேட் அரக்கு நிறத்தில் நின்றது. நாற்பத்து மூன்று அரக்குச் சேலைகளும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. சிங்கம் எல்லாப் பல்லையும் காட்டிற்று. இது வெறும் அடிப்பூச்சு என்று ஞானதாஸ் சார் மேடையில் அறிவித்தார்; யாரும் காதில் வாங்கவில்லை. சித்தி பழைய கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். மேடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அங்கேயிருந்து பார்த்தால் கேட் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சித்தப்பா அன்று ஆட்டோவை எடுக்கவில்லை. வெள்ளை வேட்டியும் ஷூவும் போட்டிருந்தார். ஒரு காலில் சாக்ஸ்.

அந்த ஒன்பது நாளைச் சித்தியே பத்து நாளாக இழுத்தாள். பதினோராம் நாள் வாளியில் பாசிச் சாம்பலைக் கலந்துகொண்டு உட்கார்ந்தாள். கிழக்கு முனையிலிருந்து கம்பி கம்பியாக அரக்கு மறைந்துகொண்டே வந்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணக்காக இழுத்தாள், கணக்காக நகர்ந்தாள். எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை. விடுதிப் பக்கம் போனேன். கொடியில் ஒன்றே ஒன்று தொங்கியது, நீலக் கலர்.

மேற்குக் கடைசியில், வேப்பங்கிளை மூடியிருக்கும் இடத்தில் முந்நூற்றுப் பதினெட்டாவது கம்பி. அவள் வருவதற்குள் அதன் ஈட்டித் தலையில் சாக்ஸை மாட்டி, கழுத்தோடு நூலால் கட்டிவிட்டு, மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் கடைசிக் கம்பிக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கையை உயர்த்தினாள். நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அந்தச் சாக்ஸைப் பார்த்தாள். பிறகு அதற்குக் கீழேயிருந்து தொடங்கி ஒரே இழுப்பில் தரைவரை பூசிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பெயிண்ட் காய்ந்ததும் நான் போய்க் கழற்றினேன். பாசிச் சாம்பல் நிறத்தில் முந்நூற்றுப் பதினேழு ஈட்டி. ஒன்று மட்டும் இலைக்குள்ளே அரக்கு. இன்றைக்கும் இருக்கிறது, பஸ் ஸ்டாப்பில் நின்று, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து பார்த்தால் தெரியும்.

சித்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, எனக்குத் தோசை போட்டுக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"ஏலே, அது தொவச்ச சாக்ஸா?"